மாமியோடு ஒரு கடல் வீட்டில்

சிட்னி விமான நிலையத்தில் பெட்டிகளை எடைபோட்டு முடித்த பிறகுதான் கவுண்டரில் இருந்த பெண் என் கணவரின் பாஸ்போர்ட்டை இன்னொரு முறை திறந்து பார்த்தாள். காலாவதியாக ஆறு மாதம்கூட இல்லை, ஃபிஜியில் இறங்க விடமாட்டார்கள், அதனால் விமானத்தில் ஏற்ற முடியாது என்றாள். அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

நாங்கள் மூன்று பேர் நின்றிருந்தோம். நான், என் கணவர், அவருடைய அம்மா. எங்கள் பத்தாவது கல்யாண நாளுக்கான பயணம் அது. கடலுக்குள் தூண்கள் நட்டு, அதன்மேல் மரத்தால் கட்டிய தனித்தனி வீடுகள். படுக்கையிலிருந்து எழுந்து நாலு எட்டு வைத்தால் ஏணி, ஏணிக்குக் கீழே கடல். கல்யாணமான புதிதில் ஒரு பயண ஏஜெண்டின் கண்ணாடிக் கதவில் அந்தப் படத்தைப் பார்த்ததிலிருந்து நான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வருடமும் ஏதோ ஒன்று தடுத்தது. கடைசியில் சரி என்றபோது அவர் சொன்னார், "அம்மாவைத் தனிய விட்டுட்டு எப்பிடிப் போறது?" சிட்னியில், எங்கள் நார்த்மீட் வீட்டில், எங்களோடுதான் மாமி இருந்தார். அவருக்காகக் கரையில், தோட்டத்துப் பக்கம், ஒரு சிறிய அறையும் என் கணவர் பதிவு செய்தார். நான் வாயால் சரி என்றேன். முகம் என்ன சொன்னது என்று எனக்குத் தெரியும்.

இப்போது அவர் வரமுடியாது. நாங்கள் இருவரும் போகலாம்.

"நீங்கள் ரெண்டு பேரும் போங்கோ. நான் அவசரத்துக்குப் பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு பின்னால வாறன்" என்றார்.

"நீ வராட்டி நாங்கள் என்னத்துக்கடா?" என்றார் மாமி.

நானும் அதைத்தான் சொல்ல நினைத்தேன். ஆனால் அதற்குள் எங்கள் இரண்டு போர்டிங் பாஸும் அச்சாகி வந்துவிட்டன. பின்னால் வரிசை நீண்டிருந்தது. அவர் எங்கள் கைகளில் அவற்றைத் திணித்துவிட்டு, தன் பெட்டியை மட்டும் இழுத்துக்கொண்டு வெளியே போனார்.

விமானத்தில் மாமி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடியே வந்தார். நான் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன். எங்களுக்குள் சண்டை ஒன்றும் கிடையாது. பேச்சுதான் கிடையாது. நான் திருச்சிக்காரி, மாமி பருத்தித்துறைப் பக்கம். எங்கள் வீட்டில் கணவரின் அம்மாவை அத்தை என்போம், இங்கே மாமி. அது பழகிவிட்டது. பழகாமல் போனது 'நீர்'. "நீர் சாப்பிட்டீரோ?", "குசினி லைட்டை நிப்பாட்டினீரோ?" என்று கேட்பார். எங்கள் ஊரில் யாரும் அப்படிப் பேசிக் கேட்டதில்லை. புராண நாடகத்தில் ராஜா மந்திரியிடம் பேசுவதுபோல் இருக்கும். அது அவர்கள் பக்கத்தில் மரியாதையான, கொஞ்சம் நெருக்கமும் உள்ள பேச்சு என்று என் கணவர் சொன்னார். எனக்கு அதில் தூரம் மட்டும்தான் கேட்டது.

இன்னொன்றும் இருந்தது. எங்களுக்குக் குழந்தை இல்லை. மாமி ஒருமுறைகூட அதைப் பற்றி என்னிடம் கேட்டதில்லை. மாமியார் கேட்டுக் கேட்டே உயிரை எடுக்கிறார் என்று என் தோழிகள் புலம்புவார்கள். எனக்கோ அந்தக் கேள்வி வராததுதான் குத்தியது. இவளிடம் என்ன இருக்கிறது கேட்க என்று விட்டுவிட்டார் என நினைத்துக்கொண்டேன். நினைத்ததை யாரிடமும் சொல்லவுமில்லை.

படகுத்துறையில் பூமாலையோடு நின்ற விடுதிக்காரர்கள் எங்கள் பதிவைப் பார்த்துவிட்டு, கணவர் எங்கே என்று கேட்டார்கள். சொன்னேன். அவர்கள் முகத்தில் அவ்வளவு பரிதாபம். முதலில் மாமியின் தோட்டத்து அறைக்குப் போனோம். அறை நன்றாகத்தான் இருந்தது. மாமி கதவின் தாழ்ப்பாளைத் திறந்து மூடிப் பார்த்தார், மறுபடியும் திறந்து மூடினார். உட்காரவில்லை.

"மாமி, நீங்களும் என்கூடவே வந்துடுங்க."

"உமக்கு இடைஞ்சல் இல்லையோ?"

"இல்ல மாமி" என்றேன். இருந்தது.

கடல் வீட்டில் எங்களுக்காக எல்லாவற்றையும் ஜோடித்து வைத்திருந்தார்கள். கட்டில் முழுக்கச் சிவப்புப் பூவிதழ்கள். நடுவில் இரண்டு துவாலைகளை அன்னங்களாக மடித்து, மூக்கோடு மூக்கு முட்ட வைத்திருந்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மாமி கட்டிலருகே போய் அன்னத்தின் கழுத்தைத் தொட்டுப் பார்த்து, "ஆர் இதை மடிச்சது? வடிவா இருக்கு" என்றார். பிறகு இதழ்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒரு கிண்ணத்தில் போட்டார். நான் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். கேட்டிருக்கும். வெளியே வந்தபோது அவர் முற்றிலும் வேறு ஒரு விஷயத்தில் இருந்தார்.

"என்ன பிள்ளை இது, தரையில ஓட்டை?"

"கண்ணாடி மாமி. மீன் பாக்கறதுக்கு."

கட்டிலுக்கு முன்னால் ஒரு பெரிய சதுரம் கண்ணாடியாக இருந்தது. கீழே பச்சைத் தண்ணீரில் கோடு போட்ட மீன்கள் ஒதுங்கி நின்றன. மாமி குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு உடை மாற்றப் போனவர் திரும்பி வந்து, ஓர் அன்னத்தைப் பிரித்து அந்தக் கண்ணாடிமேல் விரித்தார்.

"ஏன் மாமி?"

"நாங்கள் மீனைப் பாத்தா மீனும் எங்களைப் பாக்குமெல்லோ."

நான் சிரித்துவிட்டேன். சும்மா இல்லை, அழுகையெல்லாம் சிரிப்பாகி வெளியே வருவதுபோல். நான் சிரிப்பேன் என்று மாமி எதிர்பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார், அவருக்கும் வந்துவிட்டது. ஒரே கூரைக்குக் கீழே அத்தனை வருடம் இருந்தும் நாங்கள் இருவரும் ஒரே விஷயத்துக்குச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் கணவர் போன் செய்தார். நீண்ட வார இறுதி, பாஸ்போர்ட் அலுவலகம் பூட்டியிருக்கிறது. திறந்து பாஸ்போர்ட் கைக்கு வருவதற்குள் நாங்களே திரும்பிவிடுவோம் என்றார். மாமி போனை வாங்கி, "சரி, சரி. பிரிட்ஜில புட்டு இருக்கு, சூடாக்கிச் சாப்பிடு" என்று சொல்லி வைத்துவிட்டார். பிறகு என்னிடம், "உம்மட கடல் அங்க கிடக்கு. நீந்த வந்தனீர்தானே, போய் நீந்தும்" என்றார்.

நீச்சலுடைக்கு மேலே முழங்கால்வரை ஒரு நீளச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஏணியில் இறங்கினேன். சட்டை தண்ணீரில் காலைச் சுற்றியது. மேலே பலகையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த மாமி கூப்பிட்டுச் சொன்னார்:

"அந்தச் சட்டையைக் கழட்டிப்போட்டு நீந்துமன். ஆர் இருக்கினம் இங்க?"

கழற்றி எறிந்தேன். அவர் பிடித்துக் கம்பியில் காயப்போட்டார்.

மாமியும் இறங்கினார். அதற்கு இன்னொரு காலைப்பொழுது ஆயிற்று. தான் கடலுக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தும் ஒருநாளும் அதற்குள் இறங்கியதில்லை என்றார். ஏன் என்று கேட்டேன். "ஆரும் இறங்கெண்டு சொல்லேல்லை" என்றார், அவ்வளவுதான். ஹவுஸ்கோட்டோடு ஏணியைப் பார்த்துத் திரும்பி, ஒவ்வொரு படியாகக் காலால் தேடி இறங்கினார். நான் கீழே நின்று அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். தண்ணீர் பட்டதும் ஹவுஸ்கோட் காற்றடைத்து அவரைச் சுற்றி மிதந்தது. குட்டி மீன்கள் காலை வந்து மொய்த்தன. மாமி கத்தினார்.

"விடாத! நீ விடாத என்னை!"

"விடல மாமி."

"கடிக்குது!"

"கடிக்காது மாமி, சும்மா முத்தம் குடுக்குது."

"ஐயோ, உனக்கு விசர்தான் பிடிச்சிருக்கு!" என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டார். 'நீர்' போய் 'நீ' வந்துவிட்டதை அவர் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். அவர் தலை என் தோளில் இருந்தது. தேங்காயெண்ணெய் வாசனை. சற்று நேரம் கழித்துக் கழுத்திலிருந்து ஒரு கையை எடுத்து, தண்ணீரை இப்படியும் அப்படியும் தள்ளிப் பார்த்தார்.

அன்று மதியம் மழை பிடித்தது. ஓலைக் கூரையில் மழை. வெளியே எங்கும் வெள்ளையாக, கரை எது கடல் எது என்று தெரியவில்லை. தேநீர் போட்டுக்கொண்டு தரையில், கண்ணாடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தோம். மாமியே துவாலையை எடுத்துவிட்டிருந்தார். ஏதேதோ பேசினோம். பேச்சு எங்கள் வீட்டு பிரிட்ஜுக்கு வந்தது. மீனைக் கராஜில் இருக்கும் பழைய பிரிட்ஜுக்கு ஏன் மாற்றினார் என்று கேட்டேன். திருச்சியில் என் பிறந்த வீட்டில் மீன் சமைத்ததில்லை. எனக்கு அந்த வாசனை ஒத்துக்கொள்ளாது. அதைச் சாடைமாடையாகக் காட்டியதால் கோபித்துக்கொண்டு மாற்றிவிட்டார் என்றே வருடக்கணக்காக நம்பியிருந்தேன்.

"அதுவோ? உன்ர ஊசிமருந்துப் பெட்டி அங்க இருந்ததெல்லோ. பக்கத்தில மீனை வைக்க எனக்கு மனம் வரேல்லை."

செயற்கைக் கருத்தரிப்புக்கான ஊசிகள் அவை. நான் வேலை பார்ப்பது வெஸ்ட்மீட் மருத்துவமனையில், பரிசோதனைக்கு இரத்தம் எடுக்கும் இடத்தில். ஊசி எனக்குப் புதிதில்லை. கதவைப் பூட்டிக்கொண்டு நானே வயிற்றில் போட்டுக்கொள்வேன். பெட்டியைத் தயிருக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்தேன். மாமிக்குத் தெரியக்கூடாது என்று என் கணவரிடம் சத்தியம் வாங்கியிருந்தேன்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். போன வருஷம் நீ காய்ச்சலெண்டு படுத்ததும் காய்ச்சல் இல்லையெண்டு தெரியும்."

அப்போது எனக்குத் தங்கிய கரு கலைந்திருந்தது. ஒரு வாரம் கட்டிலில் கிடந்தேன். மாமி வேளாவேளைக்கு மல்லித் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போவார். கேட்கக்கூட இல்லையே என்று அன்றைக்குச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தேன்.

"அப்ப ஏன் மாமி ஒரு வார்த்தை கேக்கல?"

மாமி கோப்பையைக் கீழே வைத்தார். "எனக்கு மூத்தவன் பிறக்க ஏழு வருஷம் எடுத்தது பிள்ளை. என்ர மாமி மாசாமாசம் கேப்பா. கிணத்தடியில, சபை சந்தியில, ஆர் இருந்தாலும் கேப்பா. அப்ப நினைச்சனான், எனக்கொரு மருமகள் வந்தா அந்தக் கேள்வியை என்ர வாயால கேக்கிறேல்லை எண்டு. நீயாச் சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான்."

"நீங்களாக் கேப்பீங்கன்னு நான் பாத்துட்டு இருந்தேன் மாமி."

அவர் என் தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். அழுது முடித்த பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். மருத்துவர் சொன்னது, இனிமேல் வேண்டாம் என்று நான் நினைப்பது, அதை அவர் மகனிடம் இன்னும் சொல்லாதது எல்லாம். அவர் புத்திமதி எதுவும் சொல்லவில்லை. "உன்ர உடம்பு. நீ சொல்லுறதுதான்" என்றார். மழை விடும்வரை அப்படியே கிடந்தேன்.

மிச்ச நாட்களில் நாங்கள் வேறு இரண்டு பேராக இருந்தோம். காலையும் மாலையும் கடலில் இறங்கினோம். மாமி ஏணியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மிதக்கப் பழகினார். நார்த்மீடுக்குப் போனதும் வாரம் ஒருநாள் பக்கத்து நீச்சல்குளத்துக்குப் போவது என்று பேசி வைத்தோம். அவருக்கும் முழுக்கை நீச்சலுடை ஒன்று வாங்குவது என்றும் முடிவாயிற்று. "கறுப்பு வேண்டாம். நீலம்" என்றார்.

திரும்பி வந்தோம். கணவர் விமான நிலையத்தில் பூங்கொத்தோடு நின்றார். மாமி தன் பெட்டியை அவரிடம் கொடுத்துவிட்டு, "பிள்ளை வடிவாச் சாப்பிடேல்லை, அங்கத்தைச் சாப்பாடு சரியில்லை" என்றார். காரில் வழக்கம்போல் மாமி முன்சீட், நான் பின்சீட்.

"எப்பிடி இருந்தது?" என்று கேட்டார் கணவர்.

"நல்லா இருந்தது" என்றார் மாமி.

"நல்லா இருந்துச்சு" என்றேன் நானும். அவர் வராத இடத்தில் நாங்கள் சந்தோஷமாக இருந்தோம் என்று சொல்ல மனம் வரவில்லை. அவர் ஏற்கெனவே நொந்துபோயிருந்தார். அந்த வாரமே பரிகாரம்போல எங்களை ஹெலன்ஸ்பர்க் கோவிலுக்கு அழைத்துப் போனார். பிரகாரத்தில் மாமியும் நானும் பக்கத்தில் பக்கத்தில் நடந்தோம். "தண்ணிப் போத்தல் கொண்டு வந்தனீரோ?" என்று கேட்டார். 'நீர்' திரும்பி வந்திருந்தது. மகன் பக்கத்தில் இருக்கிறார், அதனால்தான் என்று நினைத்தேன். ஆனால் அவர் இல்லாதபோதும் அப்படியே தொடர்ந்தது. அந்த வீட்டுக்கு ஒரு பேச்சு இருந்தது. நாங்கள் இருவருமே அதற்குள் திரும்பப் போய் நின்றுகொண்டோம்.

நீச்சல்குளத்துக்குப் போகவில்லை. முதல் வாரம் எனக்கு வேலை கூடுதல். அடுத்த வாரம் மாமிக்குச் சளி. பிறகு குளிர் வந்துவிட்டது. நீல நிற உடையைக் கடையில் இரண்டு முறை பார்த்தேன். அவருடைய அளவு எனக்குத் தெரியாது. கேட்டு வாங்கலாம் என்று வந்துவிட்டேன். கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று இப்போது யோசித்தால், அங்கே நடந்ததை இங்கே எடுத்து வைத்து, அவர் அதை மறந்ததுபோல் பார்த்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான். அவருக்கும் அதே பயம் இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

சிகிச்சை வேண்டாம் என்று கணவரிடம் நான் சொன்ன நாளில் மாமி பக்கத்து அறையில் இருந்தார். மறுநாள் காலை எனக்குப் பிடிக்கும் என்று பால் அப்பம் சுட்டிருந்தார். மாமியும் நானும் அதைப் பற்றிப் பேசாமல் சாப்பிட்டோம்.

அடுத்த கோடையில் மெல்பர்னிலிருந்து போன் வந்தது. கணவரின் தம்பி அங்கே கிரான்பர்னில் இருக்கிறார். அவர் மனைவி கர்ப்பமாக இருந்தாள். அவளுடைய தாயாருக்கு விசா கிடைக்கவில்லை. அம்மா வந்து இருக்க முடியுமா என்று கேட்டார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றார் மாமி. அன்று மாலை நான் துணி மடித்துக்கொண்டிருந்த இடத்துக்கு வந்து நின்றார்.

"பிள்ளை, நான் போகட்டோ?"

அந்தக் கேள்வியைப் பிற்பாடு எத்தனை தடவை எனக்குள் போட்டுப் பார்த்திருப்பேன். அன்று எனக்கு ஒன்றுதான் தோன்றியது: பேரப்பிள்ளையைத் தூக்க அவர் கை துடிக்கிறது, என் மனம் நோகுமோ என்று தயங்குகிறார். அவரைத் தடுத்தவளாக நான் இருக்கக்கூடாது. முகத்தைச் சிரித்ததுபோல் வைத்துக்கொண்டு, "போயிட்டு வாங்க மாமி. அங்கதானே உங்க உதவி வேணும். நாங்க இங்க பாத்துக்கறோம்" என்றேன்.

அவர் என் கையிலிருந்த போர்வையின் மறுமுனையைப் பிடித்து மடித்துக் கொடுத்தார். "சரி" என்றார்.

சில மாதங்கள் என்று போனவர் அங்கேயே தங்கிவிட்டார். முதல் குழந்தைக்குப் பின்னாலேயே இரண்டாவதும் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுவார். மகனிடம் பேசி முடித்தபின் போன் என்னிடம் வரும். "சுகமோ? அங்க மழையோ?" "நல்லா இருக்கேன் மாமி. மழைதான்." வருடத்துக்கு ஒருமுறை நாங்கள் காரில் கிரான்பர்ன் போவோம். வீடு நிறைய ஆட்கள், பொம்மைகள், சத்தம். எப்போதும் மாமியின் இடுப்பில் ஒரு குழந்தை.

இந்தத் தடவை போனபோது தனியாகக் கூப்பிட வேண்டும் என்று சிட்னியிலிருந்தே நினைத்துக்கொண்டு போனேன். தெருமுனைப் பூங்காவுக்குப் போகலாமா என்றேன். பெரிய பேத்தியும் கூடவே கிளம்பிவிட்டாள். அவள் ஊஞ்சலில் ஏறிக்கொண்டாள். மாமி ஆட்டிவிட்டார். நான் பக்கத்தில் நின்றேன். மாமிக்கு வயதாகிவிட்டது தெரிந்தது. ஒவ்வொரு தள்ளலுக்கும் ஒரு மூச்சு வாங்கினார்.

"மாமி, அன்னைக்கு நீங்க போகட்டோன்னு கேட்டீங்களே. நான் இருங்கன்னு சொல்லுவேன்னு நினைச்சுத்தான் கேட்டீங்களா?"

அவர் உடனே என்னைப் பார்க்கவில்லை. ஊஞ்சல் போய் வந்தது.

"ஓம், அதுக்குத்தான்" என்றார்.

திரும்பி வந்த ஊஞ்சலை இன்னொரு தடவை தள்ளினார்.

"நீர் சொல்லியிருந்தாலும் நான் வெளிக்கிட்டிருப்பன். பிள்ளைப்பெறுவுக்கு ஆள் வேணும்தானே" என்றார். பிறகு, "ஆனா சொல்லியிருக்கலாம்" என்றார்.

"உங்களுக்குப் பேரப்பிள்ளை ஆசைன்னு நினைச்சேன் மாமி. நான் தடுக்கக்கூடாதுன்னு..."

"ஆசைதான். அதுக்கு என்ன? அதுவும்தான் இதுவும்தான்" என்றார் மாமி. அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"Higher, அப்பம்மா!" என்றாள் குழந்தை. மாமிக்குக் கை ஓய்ந்துபோயிருந்தது. நான் போய் ஊஞ்சலைப் பிடித்துத் தள்ளத் தொடங்கினேன். அவர் பெஞ்சில் போய் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். ஊஞ்சலை நிறுத்திவிட்டுப் போய்ப் பக்கத்தில் உட்காரத்தான் எனக்கு மனம். குழந்தை விடவில்லை. சற்று நேரத்தில் தூறல் போட்டது. குழந்தையின் மேற்சட்டை எங்கே என்று தேடியபடி மாமி எழுந்துவிட்டார்.